கிளட்ச் பெடல் சேர்க்கும் முன்: ஆட்டோமேட்டிக்கை மேனுவலாக்கும் வாசகர்களுக்குப் பதில்கள்

வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, வீட்டிலேயே மேனுவல் கியர் பாக்ஸ் பொருத்துவது பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: என் பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் பாக்ஸ் போய்விட்டது. அதைப் பழுது பார்ப்பதைவிட மேனுவலாக மாற்றிவிடலாம் என்கிறார் நண்பர். வீட்டு ஷெட்டில் செய்யக்கூடிய வேலையா இது?

பதில்: செய்யலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, உங்கள் காரின் அதே மாடல், அதே இன்ஜினோடு மேனுவலிலும் விற்பனைக்கு வந்ததா? வந்திருந்தால் பெடல் பொருத்தும் இடம், மவுண்டிங், கேபிள் போகும் துளை எல்லாம் பாடியிலேயே பெரும்பாலும் தயாராக இருக்கும். சில இடங்களில் ரப்பர் மூடியோ தகடோ போட்டு அடைத்திருப்பார்கள், அவ்வளவுதான். வரவில்லை என்றால் ஒவ்வொரு பிராக்கெட்டும் நீங்களே வெட்டி வெல்டிங் வைக்க வேண்டியது. அதை வீட்டு வேலையில் சேர்க்க முடியாது.

இரண்டாவது, இன்ஜின் ஈசியுவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கியர் பாக்ஸும் எவ்வளவு பேசிக்கொள்கின்றன என்பது. ஹைட்ராலிக் முறையில் தானே கியர் மாற்றிக்கொள்ளும் பழைய பாக்ஸ் என்றால் வயரிங் வேலை அரை நாள்தான். கேன் நெட்வொர்க்கில் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு) இயங்கும் புதிய வண்டியில் ஸ்பேனர் வேலை முடிந்த பிறகுதான் உண்மையான தலைவலி ஆரம்பிக்கும்.

சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக்) வண்டியும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஏஎம்டி வண்டி என்றால் உள்ளே இருப்பதே மேனுவல் கியர் பாக்ஸும் சாதாரண கிளட்சும்தான். அவற்றை இயக்கும் ஆக்சுவேட்டர்களை எடுத்துவிட்டு பெடலும் கேபிளும் வைக்கிற வேலை, பாக்ஸை இறக்கவேகூடத் தேவைப்படாமல் போகலாம். கியர் பாக்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஹைப்ரிட் வண்டியில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: மேனுவல் கியர் பாக்ஸ் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? வேறு என்னென்ன வேண்டும்?

பதில்: தனி பாக்ஸ் வாங்காதீர்கள். விபத்தில் அடிபட்டு ஓரங்கட்டிய, அதே மாடல் மேனுவல் வண்டியை முழுசாகப் பிடிக்க முடிந்தால் அதுவே உத்தமம். இந்த வேலையை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பது கியர் பாக்ஸ் அல்ல, ஒரு பிராக்கெட்டோ நான்கு போல்ட்டோதான்.

அந்த வண்டியிலிருந்து எடுக்க வேண்டியவை: கியர் பாக்ஸ், பெல் ஹவுசிங் (இன்ஜினோடு சேரும் பாக்ஸின் மணி வடிவக் கூடு) போல்ட்டுகள் அத்தனையும் (ஆட்டோமேட்டிக்குக்கும் மேனுவலுக்கும் நீளம் வேறுபடும்), ஃப்ளைவீல் (கிராங்கின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரம்), கிளட்ச் ஃபோர்க், இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவே வரும் மெல்லிய தகடு, ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் பாக்ஸ் மவுண்டிங்குகளும் அவற்றின் பிராக்கெட்டுகளும். பிறகு பெடல் செட் முழுவதும், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்துவது), ஸ்லேவ் சிலிண்டர் (கிளட்சைத் தள்ளுவது), இடையில் ஓடும் பைப், கியர் லீவர், அதன் கேபிள்கள், கன்சோல். முன்சக்கர இழுவை வண்டியில் டிரைவ் ஷாஃப்ட் இரண்டும் தேவை. நீளமும் உள்பல் எண்ணிக்கையும் மாறலாம். பின்சக்கர இழுவையில் புரொபெல்லர் ஷாஃப்ட்டும் கிராஸ் மெம்பரும். ஈசியு, இம்மொபிலைசர் பெட்டி (சாவியை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்பு), சாவி மூன்றையும் ஒரே செட்டாக எடுங்கள். பிரித்தால் மூன்றும் வீண். கியர் பாக்ஸ் வயரிங்கைப் பிளக்கிலிருந்து ஒரு கை நீளம் விட்டு வெட்டி எடுங்கள்.

புதிதாக வாங்க வேண்டியவை கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் (உங்கள் வண்டிக்கு இருந்தால்), இன்ஜினின் பின் ஆயில் சீல், டிரைவ் ஷாஃப்ட் சீல், ஃப்ளைவீல் போல்ட். பழைய கிளட்ச் பிளேட்டில் இன்னும் பாதி தேய்மானம் மீதி இருக்கிறது என்று அதையே போடுபவர்கள் உண்டு. மறுபடி பாக்ஸை இறக்க ஒரு நாள் முழுக்கத் தரையில் படுக்க வேண்டும் என்பதை நினைத்தால் அந்த ஆசை போய்விடும்.

கேள்வி: முன்சக்கர இழுவை வண்டி. பழைய ஆட்டோமேட்டிக்கை இறக்கும் வரிசையைச் சொல்லுங்கள். லிஃப்ட் கிடையாது, ஜாக் மட்டும்தான்.

பதில்: ஜாக் தூக்குவதற்கு மட்டும், வண்டி நிற்க வேண்டியது ஸ்டாண்டில். சமதளமான கான்கிரீட் தரையில் ஸ்டாண்டுகளை வைத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மறுபடி வையுங்கள். பாக்ஸ் ஜாக்கோடு சேர்ந்து முன்பக்கம் வழியாக வெளியே வர வேண்டும் என்பதால், பாக்ஸின் உயரத்தை முதலில் அளந்துவிட்டு அதற்கேற்ற உயரத்தில் வண்டியை நிறுத்துங்கள்.

கியர் பாக்ஸ் வயரிங்கில் கைவைக்கும் முன் ஒரு சின்ன வேலை. செலக்டர் லீவர் இன்னும் இணைப்பில் இருக்கும்போதே நியூட்ரல் சுவிட்ச்சின் (லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வது) பிளக்கைக் கழற்றி, சுவிட்ச் பக்கப் பின்களில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் சேரும் இரண்டு பின்கள் ஸ்டார்ட்டருக்கானவை. ரிவர்ஸில் மட்டும் சேரும் இரண்டு, ரிவர்ஸ் லைட்டுக்கானவை. எதிர்ப்பக்க வயர்களின் நிறத்தை எழுதி வையுங்கள். பாக்ஸை இறக்கிய பிறகு இதைத் தேடினால் நேரம்தான் வீணாகும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பேட்டரி, அதன் தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி எல்லாம் வெளியே வந்தால்தான் மேலிருந்து கை போகும். ஆயிலை வடியுங்கள். வடித்த பிறகும் டார்க் கன்வெர்டருக்குள் (இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பகுதி) சில லிட்டர் நிற்கும். பாக்ஸைச் சாய்க்கும்போது அது முகத்தில் கொட்டும், எச்சரிக்கை. செலக்டர் கேபிள், கூலர் பைப், பிளக்குகள் கழற்றிய பின் சக்கரம், ஹப் நட், கீழ் பால் ஜாயின்ட், டிரைவ் ஷாஃப்ட். ஷாஃப்ட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், உள் ஜாயின்ட் பிரிந்து வரும். பாக்ஸ் ஓரத்தில் கடப்பாரை நுனி கொடுத்து நெம்புங்கள்.

அடுத்தது பலர் தவறவிடும் இடம். ஸ்டார்ட்டரை எடுத்த துளை வழியாகவோ கீழ் மூடி வழியாகவோ கன்வெர்டரை ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு (ஃப்ளைவீலுக்குப் பதிலாகக் கிராங்கில் பூட்டிய தகடு) பிடித்திருக்கும் போல்ட்டுகள் தெரியும். கிராங்க் புல்லியில் சாக்கெட் போட்டு இன்ஜினைச் சுற்றும் திசையிலேயே திருப்பித் திருப்பி, ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒன்று மிச்சம் இருந்தாலும் பாக்ஸ் பிரியாது. பிரிக்க நெம்பினால் அலுமினியம் உடையும்.

மேலே இருந்து இன்ஜின் சப்போர்ட் பார் போட்டு இன்ஜினைப் பிடித்த பிறகே மவுண்டிங்கைத் தொட வேண்டும். ஆட்டோமேட்டிக் பாக்ஸ் 60 முதல் 90 கிலோ வரை இருக்கும், நெஞ்சின் மேல் வாங்கி இறக்கும் பொருளல்ல. மேல் போல்ட் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றி, பாக்ஸை ஜாக்கில் சங்கிலியோ பெல்ட்டோ போட்டுக் கட்டி, கடைசியில் அந்த இரண்டு. இரண்டு விரற்கடை இடைவெளி வந்ததும் கன்வெர்டரைப் பாக்ஸ் பக்கம் தள்ளிக்கொண்டே இறக்குங்கள்.

கழற்றிய போல்ட்டுகளை ஒரு அட்டையில் பாக்ஸின் வட்டத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். டப்பாவில் போட்டால் நாளை அழ வேண்டிவரும்.

கேள்வி: ஃப்ளெக்ஸ் பிளேட்டைப் பிடித்திருந்த போல்ட்டையே ஃப்ளைவீலுக்குப் போடலாமா? பைலட் பேரிங் என்றால் என்ன?

பதில்: போடக்கூடாது. ஃப்ளெக்ஸ் பிளேட் ஒரு மெல்லிய தகடு; ஃப்ளைவீலின் நடுப்பகுதி அதைவிடப் பல மடங்கு தடிமன். குட்டை போல்ட் கிராங்கில் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. ஓட ஓடத் தளர்ந்து ஒருநாள் ஃப்ளைவீல் கழன்றால் காலுக்கு நேராக வரும். பல இன்ஜின்களில் இந்த போல்ட்டுகள் ஒரு தடவை முறுக்கினால் நீண்டுவிடும் வகை என்பதால் புதிதாகவே வாங்குங்கள். கிராங்கின் துளை உள்ளே வரை திறந்திருக்கும் இன்ஜினில் மரையில் சீலன்ட் தடவாவிட்டால் ஆயில் கசிந்து கிளட்ச் பிளேட்டில் ஏறும். முறுக்கு அளவை அந்த இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து, நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்ச்சால் மட்டும்.

பின் ஆயில் சீல் மாற்ற இதைவிட நல்ல தருணம் இனி வராது. ஃப்ளைவீல் முகத்தில் நீலப் புள்ளிகளோ மயிரிழை வெடிப்போ இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுங்கள். சில டீசல் வண்டிகளில் வரும் இரட்டை நிறை ஃப்ளைவீலை லேத்தில் ஏற்றக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

பைலட் பேரிங் என்பது கிராங்கின் பின்முனைத் துளையில் உட்கார்ந்து, கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் சிறு பேரிங் அல்லது புஷ். பின்சக்கர இழுவை வண்டிகளில் பெரும்பாலும் உண்டு. முன்சக்கர இழுவையில் பெரும்பாலும் கிடையாது. ஆட்டோமேட்டிக்குக்கு இது தேவையில்லை என்பதால் தொழிற்சாலையிலேயே போட்டிருக்க மாட்டார்கள். சில கிராங்குகளில் அந்தத் துளையையே முழு அளவுக்குக் கடையாமல் விட்டிருப்பார்கள். எனவே பாக்ஸ் வாங்கும் முன்பே வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். துளை சிறிதாக இருந்தால் இன்புட் ஷாஃப்ட் நுனியை அறுத்துச் சின்னதாக்கும் குறுக்கு வழி ஒன்று ஊரெல்லாம் சொல்லப்படுகிறது. அந்த நுனிக்குத் தாங்கல் இல்லாமல் போனால் பாக்ஸின் முன் பேரிங் சீக்கிரம் போகும். கன்வெர்டர் மூக்கு உட்காரும் பெரிய குழியில் பொருந்தும் மாற்று பேரிங் உங்கள் இன்ஜினுக்கு வந்திருக்கிறதா என்று தேடுவதே சரி.

வெண்கல புஷ்ஷுக்கு கிரீஸ் வேண்டாம், அதிலேயே ஆயில் ஊறியிருக்கும். ஊசி பேரிங்குக்கு மட்டும் கொஞ்சம். மேனுவல் வண்டியிலிருந்து எடுத்த கிராங்கில் பழைய புஷ் வெளியே வர மறுத்தால், துளை நிறைய கிரீஸை அடைத்து, அதில் இறுக்கமாகப் போகும் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். கிரீஸ் பின்னாலிருந்து தள்ளி புஷ்ஷை வெளியே கொண்டுவந்துவிடும்.

கேள்வி: கியர் பாக்ஸ் கடைசி ஒரு சென்டிமீட்டர் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுத்துவிடலாமா?

பதில்: இழுக்காதீர்கள்! பெல் ஹவுசிங்கின் காது உடைவது, கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைவது, பைலட் பேரிங் நசுங்குவது எல்லாம் இந்த ஒரு முறுக்கில் நடப்பவைதான். எல்லாம் சரியாக இருந்தால் பாக்ஸ் கையால் தள்ளியே முகத்தோடு முகம் சேரும்.

இடைவெளியைச் சுற்றிப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவு என்றால் ஷாஃப்ட் பல் பிளேட்டில் நுழையவில்லை, அல்லது நுனி பைலட்டில் ஏறவில்லை. பாக்ஸை ஏதாவது கியரில் போட்டு, மறுமுனையை லேசாகத் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள். மேலே அதிகம் கீழே குறைவு என்று இருந்தால் சாய்மானம் தவறு; ஜாக்கைச் சரி செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை என்று பொருள். பாக்ஸைப் பின்னுக்கு எடுத்து, பிரஷர் பிளேட்டைத் தளர்த்தி, நடு பிடிக்கும் கருவியோடு மறுபடி வையுங்கள். அந்தக் கருவி ஒரு பிளாஸ்டிக் துண்டுதான், கிளட்ச் செட்டோடு பெரும்பாலும் வந்துவிடும். பாக்ஸ் பாதியில் நிற்கும்போது ஜாக்கை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். முழு எடையும் கிளட்ச் பிளேட்டின் நடுவில் தொங்கும்.

பிளேட்டின் எந்தப் பக்கம் எங்கே என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருக்கும் பக்கம் பெரும்பாலும் கியர் பாக்ஸை நோக்கி வரும். பிளேட்டிலேயே பக்கம் பொறித்திருக்கும். சந்தேகம் இருந்தால் பிரஷர் பிளேட் இல்லாமல் பிளேட்டை மட்டும் ஃப்ளைவீலில் வைத்துப் பாருங்கள்: நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட் தலையில் இடித்தால் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். பல்லில் கிரீஸ் மிக லேசாக, கூடுதலைத் துடைத்துவிட்டு. புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் துரு பிடிக்காமல் பூசியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைக்க மறந்தால் வண்டி கிளம்பும்போதெல்லாம் உதறும்.

இன்ஜின் பக்கம் இருக்கும் இரண்டு டவல் பின்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய பாக்ஸோடு ஒட்டிக்கொண்டு போய்விடுவது சகஜம். பாக்ஸை நடுவில் நிறுத்துவது அந்தப் பின்கள்தான், போல்ட் அல்ல.

கேள்வி: கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் எது கிடைத்தாலும் போடலாமா? பெடலை எப்படிப் பொருத்துவது?

பதில்: கண்டதைப் போட்டால் கணக்கு இடிக்கும். உதாரணத்துக்கு, பெடல் 150 மி.மீ. இறங்குகிறது, பெடல் விகிதம் 6க்கு 1 என்றால் மாஸ்டர் ராடு 25 மி.மீ. நகரும். மாஸ்டர் 15.87 மி.மீ., ஸ்லேவ் 19.05 மி.மீ. விட்டம் என்றால் பரப்பளவு விகிதப்படி ஸ்லேவ் சுமார் 17.4 மி.மீ. நகரும். மாஸ்டரையும் 19.05 ஆகப் போட்டுவிட்டால் முழு 25 மி.மீ. நகர்ந்து, பிரஷர் பிளேட்டின் விரல்களை அளவுக்கு மீறி அழுத்தும். பெடலும் கல்லாக இருக்கும். மாஸ்டர் சிறிதானால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும், ஆனால் கிளட்ச் முழுசாக விடாது. அதனால்தான் பெடல், மாஸ்டர், ஸ்லேவ் மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும் என்கிறோம்.

டாஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்துச் செய்யும் பெடல் வேலைதான் உடம்புக்கு மிகவும் சிரமம். முன் சீட்டைக் கழற்றிவிடுங்கள். ஃபயர்வாலில் மாஸ்டர் உட்காரும் இடத்தில் தொழிற்சாலைக் குறி இருக்கும். புதிதாகத் துளை போட வேண்டியிருந்தால் பின்னால் 3 மி.மீ. தகடு கொடுங்கள், இல்லாவிட்டால் மிதிக்கும்போது தகடு வளைந்தே பாதி மிதி போய்விடும். ஆட்டோமேட்டிக்கின் அகலமான பிரேக் பெடலை வெட்டிச் சின்னதாக்குவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. மேனுவலின் பெடல் செட் முழுவதையும் மாற்றுங்கள். மாற்றிய பின் பிரேக் பூஸ்டர் ராடின் பின்னும் பிரேக் லைட் சுவிட்ச்சும் சரியாக உட்கார்ந்தனவா என்று பார்க்காமல் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்காதீர்கள்.

கேள்வி: எல்லாம் பொருத்தியாயிற்று. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை. சாவியும் வெளியே வர மறுக்கிறது.

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே: வண்டி இன்னும் பார்க்கில் நிற்கும் லீவரைத் தேடிக்கொண்டிருக்கிறது. எழுதி வைத்த ஸ்டார்ட்டர் வயர் இரண்டையும் கிளட்ச் பெடல் சுவிட்ச் வழியாகச் சேருங்கள். நேரடியாக முறுக்கிவிட்டாலும் ஸ்டார்ட் ஆகும். ஆனால் கியரில் இருக்கும் வண்டியில் யாராவது சாவியைத் திருப்பினால் எதிரே நிற்பவர் மேல் பாயும். ரிவர்ஸ் வயர் இரண்டும் மேனுவல் பாக்ஸின் ரிவர்ஸ் லைட் சுவிட்ச்சுக்கு.

சாவியைப் பிடித்து வைப்பது லீவரிலிருந்து வரும் ஒரு கேபிள் அல்லது சாவித் துவாரத்துக்கு அருகே உள்ள சோலனாய்டு. கேபிள் என்றால் பூட்டுப் பக்கத்திலேயே கழற்றிவிடுங்கள். சோலனாய்டு என்றால், பல வண்டிகளில் மின்சாரம் வந்தால்தான் அது பூட்டும்; பிளக்கைக் கழற்றினால் விட்டுவிடும்.

ஸ்டார்ட் ஆன பிறகு செக் லைட் எரிந்து யு0101 என்ற கோடு வந்தால், கியர் பாக்ஸ் கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை என்று இன்ஜின் கம்ப்யூட்டர் புகார் செய்கிறது. சில வண்டிகள் அதோடு விட்டுவிடும். சில வண்டிகள் வேகத்தைக் கட்டுப்படுத்தும், ஐடிலில் தடுமாறும். மேனுவல் வண்டியின் ஈசியுவை இம்மொபிலைசரோடும் சாவியோடும் போடுவது அல்லது உங்கள் ஈசியுவையே மேனுவலாகக் கோடிங் மாற்றுவது, இரண்டில் ஒன்றுதான் நிரந்தரத் தீர்வு. பல்பைப் பிடுங்கிவிடுவது தீர்வல்ல. ஸ்பீடோமீட்டருக்குச் சிக்னல் பழைய பாக்ஸிலிருந்து போயிருந்தால் அதே வகை சென்சார் புதுப் பாக்ஸிலும் இருக்க வேண்டும்.

கேள்வி: இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் விழுகிறது. ஓடும்போது கரகரவென்று கடிக்கிறது.

பதில்: கிளட்ச் விடவில்லை. பெடலை நான்கைந்து தடவை வேகமாக மிதித்ததும் கியர் விழுகிறதென்றால் பைப்பில் ஏர் இருக்கிறது. ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகே பெடலை விட வேண்டும். டப்பாவில் பிரேக் ஆயில் காலியாக விடாதீர்கள். ஸ்லேவின் நிப்பிள் மேல் நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கீழ் நோக்கி மாட்டினால் எத்தனை தடவை எடுத்தாலும் குமிழி மேலேயே நிற்கும். அப்படியும் வராவிட்டால் ஸ்லேவிலிருந்து மேல் நோக்கி சிரிஞ்சால் ஆயிலை ஏற்றுங்கள்.

மிதித்து மிதித்தும் மாற்றம் இல்லை என்றால் ஸ்லேவ் ராடு எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். குறைவாக நகர்ந்தால் சிலிண்டர் பொருத்தம் தவறு. புத்தக அளவுக்கு நகர்ந்தும் கடித்தால் பிளேட் திரும்பியிருக்கிறது, வளைந்திருக்கிறது, அல்லது உயரம் மாறிய ரிலீஸ் பேரிங் போட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

சத்தத்தை வைத்தும் கண்டுபிடிக்கலாம். பெடலை மிதித்தவுடன் வரும் சத்தம் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது வந்து, மிதித்தால் நின்றால் பாக்ஸின் இன்புட் பேரிங். கியரில் போட்டு மிதித்துப் பிடித்திருக்கும்போது மட்டும் கீச்சென்றால் பைலட்.

கேள்வி: பின்சக்கர இழுவை வண்டி. மாற்றிய பிறகு வேகமெடுத்தால் அடியில் அதிர்கிறது. டிஃபரென்ஷியலும் மாற்ற வேண்டுமா?

பதில்: அதிர்வுக்கு முதல் சந்தேகம் புரொபெல்லர் ஷாஃப்ட். பாக்ஸின் நீளம் மாறினால் ஷாஃப்ட்டும் மாற வேண்டும். அதன் முன்முனை பாக்ஸுக்குள் முழுக்க இடித்த நிலையிலிருந்து 20 முதல் 25 மி.மீ. வெளியே நிற்பது சரி. வெட்டிக் குறைத்தால் பேலன்ஸ் பார்த்தே பொருத்துங்கள். அடுத்து கோணம்: பாக்ஸின் பின்முனையும் டிஃபரென்ஷியல் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக, அதிகம் போனால் 1 டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். கிராஸ் மெம்பரில் வாஷர் வைத்து உயர்த்தி இறக்கிச் சரி செய்யலாம்.

டிஃபரென்ஷியல் விகிதம் தெரிய, பாக்ஸ் நியூட்ரலில் இருக்க, பின்பக்கம் ஸ்டாண்டில் நிற்க, ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து மற்றதைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று வந்ததோ அதுவே விகிதம். லிமிடெட் ஸ்லிப் வகையில் (இரு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல்) இந்த முறை செல்லாது. மேனுவல் வண்டிக்குப் புத்தகத்தில் சொன்ன விகிதத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் சிறிதென்றால் அப்படியே விடுங்கள்.

கேள்வி: ரேடியேட்டரில் இருந்த பழைய கூலர் பைப்பை என்ன செய்வது? என்ன கியர் ஆயில் ஊற்றுவது?

பதில்: கூலர் முனைகளை மூடி போட்டு அடைத்தால் போதும், ரேடியேட்டரை மாற்ற வேண்டியதில்லை.

ஆயில், பாக்ஸுக்குச் சொன்னது மட்டும். 75டபிள்யூ-90 என்று பார்த்ததும் ஊற்றிவிடாதீர்கள். ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால் அதிலுள்ள சல்ஃபர் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கலாம். சில மேனுவல் பாக்ஸ்களுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்கான) ஆயிலே பரிந்துரை. பல கார்களில் 2 முதல் 3 லிட்டர் பிடிக்கும். வண்டியைச் சமமாக நிறுத்தி, பக்கவாட்டுத் துளையில் வழியும் வரை ஊற்றுங்கள். வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் ஊற்றும் போல்ட் கழலுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹேண்ட் பிரேக்கையும் ஒரு தடவை சரி பாருங்கள். இத்தனை வருடம் பார்க் லீவர்தான் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும். ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்தே கிடக்கும். பதிவுச் சான்றிலும் இன்சூரன்ஸிலும் ஆட்டோமேட்டிக் என்று எழுதியிருந்தால், வண்டியைச் சாலைக்கு எடுக்கும் முன் இரண்டு இடத்திலும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள்.